குதிரையில் உங்கள் நம்பர் இருக்கிறதா?

முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹேக்ஸாவில் அறுத்து, உள்ளங்கை கொப்புளிக்கக் கொப்புளிக்க ராவி, டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, ரோல் நம்பர் பஞ்ச் அடித்து ஒப்படைத்தோமே ஒரு 'வி' ஃபிட்டிங் ஜாப்... மார்க் போட்ட பிறகு அது எங்கே போனது? ஸ்கிராப் மூலைக்குத்தான்!

இந்த வருடக் கண்காட்சிக்கு வேண்டாத பொருட்களில் சிற்பம் செய்ய ஏழு பேர் சேர்ந்தோம். ஒருவன் மயில் என்றான், ஒருவன் ராக்கெட் என்றான். நான் எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரையைச் சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டில் அரை நாள் சண்டைக்குப் பிறகு குதிரை ஜெயித்தது.

"இதெல்லாம் கலையாடா?" என்று கேட்டவர்கள் உண்டு. பிகாசோ 1942-ல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலையும் பீங்கானையும் பொறுக்கி, அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் பல வருடம் உருவங்கள் செய்தார். அதை இடித்துவிடாமல் 1976-ல் பூங்காவாகத் திறந்தார்கள். நமக்கு ஒரு குதிரை ஆகாதா?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன். "கிரைண்டர்ல வச்சுப் பொறியப் பாருடா. பூவா வெடிச்சா நல்ல எஃகு. செவப்பா, குட்டையா விழுந்தா வார்ப்படம். அதுல சாதா ராடு போட்டீன்னா விரிசல் விடும். ஜி.ஐ. பைப்பைப் பத்த வைக்காத, அந்தப் புகைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்" என்றார். பொறிச் சோதனை நம் பாடத்திலும் இருக்கிறது. அப்பா அதைப் படித்ததில்லை.

உள்ளே எம்.எஸ். ஆங்கிள். உடம்பு முழுக்க உங்கள் 'வி' ஜாப்கள். பிடரிக்கு லேத் சுருள் (கையுறை போட்டும் கீறியது), வாலுக்கு சைக்கிள் செயின், கண்ணுக்கு பேரிங் குண்டு. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்ததும் தலைப்பாரம் முன்னால் இழுத்தது. சிவில் பசங்கள் பின்னங்கால்களைக் கான்கிரீட் பீடத்தில் பதித்த பிறகுதான் நின்றது. ஏழு பேரும் சேர்ந்து கை தட்டினோம்!

ஆனால் ஸ்டோரில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்குத் தந்த ஸ்கிராப் 68 கிலோ. கண்காட்சி முடிந்தால் ஏலத்துக்குத் திரும்ப வேண்டும். "குதிரையாத் தந்தாலும் சரி, துண்டாத் தந்தாலும் சரி, எடை வரணும் தம்பி" என்கிறார் ஸ்டோர்கீப்பர். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆடிட்டில் மாட்டுவது அவர்தானே.

கண்காட்சி அன்று அப்பா வந்தார். கல்லூரிக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பீடம் போக எழுபது கிலோ இருக்கும்" என்றார். ராடு உருகிச் சேர்ந்த எடையையும் விடவில்லை! பிறகு மெதுவாக, "உன்னோடது எதுடா?" என்று கேட்டார். வயிற்றுக்கு அடியில் குனிந்து காட்டினேன். நம்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

குதிரையைப் பயிற்சிப் பொருளாகப் பதிவு செய்து ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிறுத்தக் கேட்டு எழுதிய மனு மாணவர் சங்க அறையில் இருக்கிறது. முதல்வரிடம் கொடுக்கக் கையெழுத்துகள் வேண்டும். போய் உங்கள் நம்பரைத் தேடுங்கள். கிடைத்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.