மரத்தடி மண்

எங்கள் ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் ஒரு நோர்வே மேப்பிள் நிற்கிறது. ஜூன் பிறந்தால் அதன் அடியில் பட்டப்பகலிலும் மங்கல்தான். புல் பிடிக்காது. ஹோஸ்டா என்ற இலைச்செடி நிழலுக்கு ஏற்றது என்று கேள்விப்பட்டு, ஏழு கன்றுகள் வாங்கி அடிமரத்தைச் சுற்றி நட்டேன். குழிக்குக் குழி நல்ல பசளை மண்ணும் போட்டேன். மூன்றாம் வருடம் பார்த்தால், ஒவ்வொரு கன்றும் நட்ட அன்று இருந்ததைவிடச் சிறுத்திருந்தது. ஒன்றைத் தோண்டினேன். நான் போட்ட பசளை மண் முழுவதும் மேப்பிள் வேர், தும்புப் பாய் பின்னிய மாதிரி. அந்த மரத்துக்கு நான் மூன்று வருடம் விருந்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சக் குறைவை மட்டும் கணக்கெடுத்ததுதான் நான் விட்ட பிழை. வீட்டு வடக்குச் சுவரோரமும் நிழல், மரத்தடியும் நிழல். ஆனால் சுவரோரத்தில் ஈரம் தங்கும். மரத்தடியில் மழை பெய்தாலும் ஒரு பங்கை இலைகள் தாங்கிக்கொள்ளும், மீதியை வேர் குடித்துவிடும். ஹோஸ்டாவின் தாயகம் யப்பான், கொரியா, சீனப் பக்கத்து மலைக்காடுகளும் ஓடைக்கரைகளும். நிழலை அது பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமையைப் பொறுக்காது. ஐந்து கன்றுகளைச் சுவரோரம் மாற்றினேன். இரண்டைப் பெரிய சாடிகளில் வைத்து மரத்தடியிலேயே விட்டேன். அதற்குப் பிறகுதான் அவை இலை விரித்தன.

நிழலிலும் அளவு உண்டு. ஹால்சியன் என்ற வகையின் நீலம் இலையின் சொந்த நிறமல்ல. பச்சை இலைமேல் படிந்த மெழுகு. விரலால் தேய்த்தால் கீழே பச்சை தெரியும். வெயிலும் மழையும் அதைக் கரைத்துவிடும். ஓகஸ்ட் மாதமளவில் நீலம் போய்ப் பச்சையாகிவிடும். ஆகவே நீல வகைகளை நிழல் கூடிய மூலையில் வைப்பேன். மஞ்சள் இலை வகைகளுக்குக் காலை வெயில் இரண்டு மணித்தியாலமாவது விழவேண்டும், இல்லாவிட்டால் மங்கிப் பச்சையடிக்கும். வாசமுள்ள வெள்ளைப் பூ பூக்கும் பிளான்ராஜினியா வகைக்கு இன்னும் கூடிய வெயில் வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் அது விரியும்போது எனக்கு ஊர் முற்றத்து மல்லிகைப் பந்தல் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா ஹோஸ்டாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட கிணத்தடியில வைக்க ஒரு துண்டு அனுப்படி" என்றாள். அங்கே இது நிலைக்காது என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஆனாலும் சொன்னேன். ஹோஸ்டாவுக்குக் குளிரில் வாரக்கணக்கான உறக்கம் வேண்டும். இங்கே முதல் உறைபனியில் இலைகள் சோர்ந்து விழுந்து, மே மாதம் வரை அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கும்.

அந்த வெறுமைக்காகத்தான் துணைச்செடிகள் தேவைப்பட்டன. எந்த இலைக்குப் பக்கத்தில் எந்த இலை அழகு என்பதிலேயே முதல் சில வருடங்கள் போயின. பிறகுதான் எது எப்போது எழுகிறது, எது எப்போது ஒதுங்குகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். மேப்பிள் துளிர்க்குமுன் ஏப்ரலில் மரத்தடியில் வெயில் தாராளமாக விழும். அந்தச் சில வாரங்களை டஃபடிலுக்குக் கொடுத்தேன். பூ முடிந்த பிறகு அதன் இலை மஞ்சளாகிச் சாயும். கிழங்குக்கு உணவு சேர்வது அந்த நாட்களில்தான், அதனால் வெட்டக்கூடாது. பார்க்கத்தான் அலங்கோலம். அந்த நேரம் பார்த்துச் சாடிகளிலிருந்து ஹோஸ்டா முளை ஊதாக் கூராக மேலே வந்து, வாழைக்குருத்துப்போலச் சுருள் அவிழ்த்து, எல்லாவற்றையும் மூடிவிடும். இந்தக் கைமாற்றத்தைப் பார்க்க மே மாதக் காலைகளில் தேநீர்க் கோப்பையோடு வெளியே நிற்பேன்.

ஒன்ராறியோவின் மாகாணப் பூவான வெள்ளை ட்ரில்லியமும் இரண்டு வைத்திருக்கிறேன். விதையிலிருந்து பூக்க ஏழு வருடமளவு எடுக்கும் செடி அது. காட்டிலிருந்து தோண்டி எடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. நாற்றுமேடையில் வளர்த்ததைத்தான் வாங்கவேண்டும். வறண்ட நிழலில் எபிமீடியம் என்ற செடி மேப்பிள் வேரோடு மல்லுக்கட்டியும் பிழைக்கிறது. பெயின்டட் ஃபெர்ன் என்ற பன்னச்செடி சுவரோரத்தில் நீல ஹோஸ்டாவின் அருகில் வெள்ளிபோல் நிற்கும்.

ஓடில்லா நத்தைக்கு ஹோஸ்டா என்றால் உயிர். மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றியதில் பாதித் தொல்லை குறைந்தது. தடித்த இலை வகைகளை அது அதிகம் தொடுவதில்லை.

அதைவிடப் பெரிய கவலை வைரஸ். ஒரு கடையில் மலிவாக வாங்கிய சம் அன்ட் சப்ஸ்டன்ஸ் என்ற வகையின் இலையில், நரம்போரமாக மை ஊறினதுபோலக் கறை. புது வகையோ என்று மகிழ்ந்திருந்தேன். அது 1996-இல் அடையாளம் காணப்பட்ட ஹோஸ்டா வைரஸ் எக்ஸ். மருந்து கிடையாது. வெட்டும் கத்தியில் ஒட்டிய சாறு வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். வேரோடு தோண்டி, உரக்குழியில் போடாமல் குப்பைப் பையில் கட்டி அனுப்பினேன். கை நடுங்கியது உண்மை. அந்தச் செடியை வெட்டிய அதே கத்தியால் அதற்கு முந்தின கிழமை வேறு மூன்று செடிகளைப் பிரித்திருந்தேன். அந்த மூன்றையும் தனிச் சாடிகளில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக இலை சுத்தமாகத்தான் வருகிறது. ஆனாலும் அவற்றிலிருந்து யாருக்கும் கன்று பிரித்துக் கொடுக்கவில்லை. மே மாதம் முளை வந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்த மூன்று சாடிகளைத்தான்.