அணி ஊர் மாறினால் யாரை நேசிப்பது?



மனிதர் ஊர் மாறுவது நமக்குப் பழகிய செய்தி. கடல் கடந்து போகாத குடும்பம் நம் சமுதாயத்தில் அரிது. ஆனால் ஓர் ஊரின் கால்பந்து அணி, தன்னை நேசித்த மக்களை விட்டுவிட்டு 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறோர் ஊருக்குப் போய்விட்டால், பின்தங்கியவர்கள் யாரை ஆதரிப்பது? உஸ்தாத் இதையெல்லாமா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இந்தக் கேள்வியால் எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர் பல மாதங்கள் பேசாமலிருந்தார்கள். ஆகவே எழுதத்தான் வேண்டும்.

தென்மேற்கு லண்டனிலுள்ள விம்பிள்டன் என்றால் பலருக்கும் டென்னிஸ்தான் நினைவுக்கு வரும். அங்கே 1889-இல் தொடங்கப்பட்ட ஒரு கால்பந்துக் கழகமும் இருந்தது. நெடுங்காலம் சிறிய லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த அது 1977-இல்தான் ஃபுட்பால் லீக்கில் இடம்பெற்றது. ஒன்பதே ஆண்டுகளில், 1986-இல், நாட்டின் முதல் டிவிஷனை எட்டியது. 1988 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அக்காலத்தின் பெரும் அணியான லிவர்பூலை 1-0 என வென்றது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய பந்து கோலானது. ஜான் ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டியைக் கோல்காப்பாளர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்களில் பெனால்டி ஒன்று தடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.

நாங்கள் காயல்பட்டினத்திலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. டூட்டிங்கில் மளிகைக் கடையொன்றில் வேலை பார்த்த வாப்பா, கடையிலிருந்த சின்னத் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர்களுக்குக் கால்பந்து புதிதன்று. புதிய நாட்டில் மொழியும் குளிரும் அன்னியமாயிருந்தபோது, பக்கத்து ஊர் அணி கோப்பை வென்றதை வாப்பா தம் சொந்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். காக்காவும் நானும் தம்பியும் அன்றுமுதல் விம்பிள்டன்காரர்கள் ஆனோம். யாரும் எங்களைக் கேட்டுச் செய்த தேர்வன்று. பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அணியின் சொந்த மைதானம் பிளவ் லேன். 1989-இல் ஹில்ஸ்பரோவில் நடந்த பெருந்துயரத்துக்குப் பிறகு, பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. பிளவ் லேன் அதற்கு ஏற்றதன்று எனக் கூறி, 1991-இல் கழகம் கிறிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குக் குடிக்கூலிக்குப் போனது. சொந்த வீடில்லாத குடும்பத்தை யாரும் எங்கும் இழுத்துப் போகலாம் என்பது வாடகை வீட்டில் வாழ்ந்த எங்களுக்கு நன்கு தெரியும். 2000-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய கழகம், மறு ஆண்டே மில்ட்டன் கீன்ஸ் என்ற நகரத்துக்குக் குடிபெயர விரும்புவதாக அறிவித்தது. முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட மூவர் ஆணையம் 2002 மே 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி வழங்கியது. அமெரிக்காவில் அணிகள் நகரம் விட்டு நகரம் போவது வழக்கம்; அங்கே அது வணிகம். இங்கிலாந்தில் அணியின் பெயரே ஊரின் பெயர்தான். ஊரில்லாமல் அப்பெயருக்கு என்ன பொருள்?

இனி என்ன செய்வது என்று அன்று ஆதரவாளர்கள் முன் பல வழிகள் இருந்தன. அணியின் பின்னாலேயே மில்ட்டன் கீன்ஸ் வரை போகலாம். அண்டையிலுள்ள பேலஸையோ ஃபுல்லத்தையோ செல்சியையோ தழுவிக்கொள்ளலாம். எப்போதும் வெல்லும் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு கவலையின்றி இருக்கலாம். என் மத்ரஸா மாணவர்களில் பாதிப் பேர் இந்தக் கடைசி வகைதான். அவர்கள் சட்டை மாற்றும் வேகத்தில் அலிஃப் பா தா படித்திருந்தால் இந்நேரம் ஹாஃபிழ்களாகியிருப்பார்கள்.

விம்பிள்டன் மக்களில் பெரும்பாலோர் இவற்றில் எதையும் செய்யவில்லை. சில வாரங்களுக்குள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். 2002 ஜூன் மாதம் விம்பிள்டன் காமன் திடலில் பொதுத் தேர்வு வைத்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கினார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைட்டட் அணியுடன் முதல் நட்பு ஆட்டம். 4-0 எனத் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியைப் பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அதேவேளை செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பழைய கழகம் காலி இருக்கைகளுக்கு முன் ஆடிக்கொண்டிருந்தது. 2003 செப்டம்பரில் அது மில்ட்டன் கீன்ஸுக்குப் போய், மறு ஆண்டு எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

புதுக் கழகம் அடித்தட்டு லீக்குகளில் ஒன்றில் தொடங்கி, 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் ஆடியது. 2011-இல் லூட்டனைப் பெனால்டிகளில் வென்று ஃபுட்பால் லீக்கில் நுழைந்தது. ஒன்பது பருவங்களில் ஐந்து பதவி உயர்வுகள். கழகத்தின் உரிமை ஆதரவாளர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. மைதானம் கட்ட அவர்களே பங்கு வாங்கினார்கள், கடன் பத்திரமும் வாங்கினார்கள். 2020 நவம்பர் 3 அன்று பிளவ் லேனில், பழைய இடத்துக்கு மிக அருகே, புது மைதானம் திறந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் முதல் ஆட்டத்தைக் காண ஒருவரும் உள்ளே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் காத்தவர்கள் வீட்டிலிருந்து திரையில் பார்த்தார்கள்.

எங்களுக்கு அந்த இடத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. டர்ன்ஸ்ஃபர்டு சாலைப் பள்ளிவாசல் அங்கிருந்து நடந்து போகும் தூரம். இங்கிலாந்தில் சனிக்கிழமை ஆட்டம் வழக்கமாக மாலை 3 மணிக்குத் தொடங்கும். டிசம்பரில் லண்டனில் சூரியன் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். இடைவேளையின்போதே மஃரிப் வந்துவிடுகிறது. அஸரைப் புறப்படும் முன்பே தொழுதுவிட்டு, ஆட்டம் முடிந்த கையோடு பள்ளிக்கு விரைந்தால் மஃரிப் தவறாது. பிள்ளைகளுக்கு அணி தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டையின் மார்பில் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரீமியர் லீக் கழகங்கள் 2025-26 பருவத்தோடு மார்பிலிருந்து அவற்றை நீக்க ஒப்புக்கொண்டன. கைப்பகுதிக்கு அந்தத் தடை இல்லை. கீழ் டிவிஷன்களிலோ 2013 முதல் லீக்கின் பெயரிலேயே ஒரு பந்தய நிறுவனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முற்றிலும் தூய்மையான அணி என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது. நோன்பு திறக்க ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தும் வழக்கம் மட்டும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. 2021 ரமளானில் லெஸ்டர் - கிறிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் அப்படி நிறுத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

காக்கா 2005-இல் வேலை நிமித்தமாகவும் வீட்டு விலை கருதியும் குடும்பத்தோடு மில்ட்டன் கீன்ஸுக்கே குடிபெயர்ந்தார். அணி போன ஊருக்கே அவரும் போனது தற்செயல். 2007-இல் அவருக்கு மகன் பிறந்தான். அதே ஆண்டு அங்கே புது மைதானம் திறந்தது. பையன் அதன் நிழலில் வளர்ந்தான். பள்ளித் தோழர்கள் அனைவரும் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள். அவனும் அப்படியே ஆனான். வாப்பா எந்தக் காரணத்தால் விம்பிள்டனை நேசித்தாரோ, அதே காரணம்தான்.

தம்பிக்கு அது பொறுக்கவில்லை. அவர் புதுக் கழகத்தின் அறக்கட்டளை உறுப்பினர். முதல் ஆட்டத்திலிருந்து உடனிருப்பவர். ஒரு பெருநாள் விருந்தில் அந்தச் சட்டையோடு வந்த பையனைப் பார்த்து, "திருட்டுச் சட்டையை உடுத்திக்கொண்டா வாப்பா வீட்டுக்கு வந்தாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். பையனுக்குப் பத்து வயது. உண்ணாமல் எழுந்து போனான். "ஒரு பந்துக்காக என் பிள்ளையை அழவைப்பீரா?" என்று காக்கா கேட்டார். பிறகு இருவரும் பேசவில்லை. உம்மா இரண்டு வீட்டுக்கும் தனித்தனியே தொலைபேசியில் அழுதார்கள்.

அந்தக் கசப்பு எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் இரு அணிகளும் மோதியபோது, எதிரணியின் பெயரை முழுமையாக எழுதாமல் விட்டதற்காக விம்பிள்டன் கழகத்தின் மீது லீக் நிர்வாகம் குற்றம் சுமத்தியது. அநீதிக்கு உள்ளானவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மறுப்பதை நான் புரிந்துகொள்கிறேன். மக்காவை விட்டு வெளியேறியபோது நபி (ஸல்) அவர்கள் அந்நகரைத் திரும்பிப் பார்த்து, அது தமக்கு எவ்வளவு பிரியமானது என்பதைச் சொன்ன செய்தியை நாம் படிக்கிறோம். ஊர்ப்பற்று குற்றமன்று. அது பறிபோகும்போது வலிப்பதும் குற்றமன்று.

ஆனால் ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தம்பியிடம் அதைத்தான் எடுத்துச் சொன்னேன். அணியை நகர்த்தியவர்கள் உரிமையாளர்கள். அனுமதித்தவர்கள் மூவர் ஆணையத்தில் இருவர். 2007-இல் பிறந்த பிள்ளை 2002-இன் தீர்ப்புக்கு எப்படிப் பொறுப்பாவான்? காக்காவிடம் வேறொன்று சொன்னேன். "வெறும் பந்து என்று சொல்லாதீர்கள், காக்கா. பக்கத்து வீட்டுக்காரன் இழந்தது நமக்குச் சிறியதாகத் தெரியலாம், அவனுக்கு அப்படியில்லை." காக்கா பதில் சொல்லவில்லை, மறுத்தும் பேசவில்லை.

ஸஹீஹ் புகாரியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்யும் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், தாம் ஒரு தரப்பாரோடு இருப்பதாகச் சொன்னார்கள். மறு தரப்பார் கையை நிறுத்திவிட்டார்கள். தாங்கள் அவர்களோடு இருக்கையில் நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். அப்போது நபியவர்கள், எய்யுங்கள், நான் உங்கள் எல்லாரோடும் இருக்கிறேன் என்ற கருத்தில் கூறினார்கள். இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் அவர்கள் ஒரு தரப்பை எடுத்ததைத்தான் பிள்ளைகள் ரசிக்கிறார்கள். மறு தரப்பின் மனம் வாடியது கண்டு உடனே சொல் மாற்றிய கனிவில்தான் என் மனம் நிற்கிறது.

பையன் ஒருநாள் என்னைத் தனியே கேட்டான். "சாச்சப்பா, நான் அணி மாற வேண்டுமா?" வேண்டாம் என்றேன். கதையை மட்டும் முழுவதும் தெரிந்துகொள் என்று சொல்லி, 1889 முதல் நடந்ததையெல்லாம் விவரித்தேன். பழைய கோப்பைகளுக்கும் பெருமைகளுக்கும் உரிமை கோருவதை எம்.கே. டான்ஸ் கைவிட்டு, 2007-இல் அவற்றை விம்பிள்டன் அமைந்துள்ள மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்ததையும் சொன்னேன். அவன் சற்று யோசித்து, "அப்படியென்றால் 1988 எங்களுடையது இல்லை. எங்களுக்கு 2004-இலிருந்துதான்" என்றான். அவனுடைய கழகம் அந்த முடிவுக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன.

அதைத் தம்பியிடம் சொன்னேன். அன்றிரவே அவர் காக்காவை அழைத்து ஸலாம் சொன்னார்.

2024 மார்ச்சில் பிளவ் லேனில் இரு அணிகளும் சந்தித்தபோது பையனுக்குப் பதினாறு வயது. அவன் விருந்தினர் பகுதியில், தம்பியும் நானும் எங்கள் பகுதியில். கடைசிக் கூடுதல் நிமிடங்களில் விம்பிள்டன் கோலடித்து 1-0 என வென்றது. மைதானம் அதிர்ந்தது, தம்பி யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டித் தழுவினார். முன்பே பேசிவைத்தபடி பள்ளிவாசல் வாயிலில் பையன் காத்திருந்தான், மேலங்கியைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு. தொழுத பின் தம்பி அவனை வீட்டுக்கு அழைத்துப் போனார். கறியும் இடியாப்பமும் இருந்தன. முடிவைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல் அவன் தட்டில் இரண்டாம் முறை பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாறும்போது அவராலும் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான்.