நான்காவது புலம்

யூனிக்ஸில் ஒரு கோப்போடு சேமிக்கப்படுவது குழுவின் பெயர் அல்ல, அதன் எண். கெர்னலுக்கு எண் போதும். பெயர் வேண்டியது நமக்குத்தான். அதற்கு கெட்ஜிஆர்ஜிஐடி என்ற ஃபங்ஷனிடம் எண்ணைக் கொடுத்தால், வழக்கமாக ஈடிசி டைரக்டரியில் இருக்கும் குரூப் கோப்பைப் பார்த்துச் சொல்லும். அதில் ஒவ்வொரு வரியிலும் நான்கு புலங்கள்: பெயர், கடவுச்சொல், எண், உறுப்பினர்கள்.

சம்பளக் கோப்பை இந்தக் குழுவில் யாரெல்லாம் படிக்கலாம் என்று ஒருமுறை ஆடிட்டர் கேட்டார். "அந்த நாலாவது புலத்தை மட்டும் குடுங்க தம்பி, போதும்."

"போதாது சார்" என்றேன்.

ஒருவருக்கு அதுவே முதன்மைக் குழு என்றால், அவர் பெயர் அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை. பாஸ்வேர்ட் கோப்பில் அவருடைய வரியின் நான்காவது புலத்தில் குழுவின் எண் இருக்கும். யாரையும் நம்பி உள்ளே விட்டவர்களைப் பற்றி ஒரு கோப்பு முழுதாகச் சொல்வதில்லை.

இரண்டையும் சேர்த்தாலும் கணக்கு முடியாது. குழு எண்கள் லாகின் செய்யும்போது ப்ராசஸில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு கோப்பிலிருந்து பெயரை எடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய எண்களோடுதான் ஓடும். லினக்ஸில் ப்ராக் டைரக்டரிக்குள் அந்தந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் உண்மை தெரியும்.

அதனால் மூன்று பட்டியல்கள் கொடுத்தேன். மூன்றாவதில் மட்டும் இருந்தது ஒரு பெயர்: போன வாரம் வேறு துறைக்கு மாறியவர். அவருடைய செஷன் இன்னும் திறந்தே இருந்தது.