கையை எங்கே அனுப்புவது

தொலைக்காட்சியில் கோல்ப் ஓடினால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் பந்தைத் தேடும். என் கண் அடிப்பவரின் கைகளை விட்டு நகராது. மட்டை தோளுக்கு மேல் ஏறி, ஒரு கணம் தயங்கி, இறங்கத் தொடங்கும்போதே "இது வலப்பக்கம் போகும்" என்று வாய் முணுமுணுத்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நுவரெலியாவில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஒட்டவைத்தவர் பெரியப்பா.

நுவரெலியா கோல்ப் கழகம் 1889இல் தொடங்கியது. கொழும்புக் கழகத்துக்கு அது பத்து வயது இளையது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேலே, நகரத்தின் நடுவிலேயே விரிந்து கிடக்கும் மைதானம். இருபுறமும் உயர்ந்த மரங்கள், நடுவே ஒடுங்கிய புல்வெளி, குறுக்கே ஓடைகள். பந்து கொஞ்சம் கோணினாலும் மரத்துக்குள் போய்விடும். ஏப்ரல் சீசனில் கொழும்புக்காரர்கள் வந்து நிறைவார்கள். மற்ற மாதங்களில் சுற்றுத் தேயிலைத் தோட்டங்களின் துரைமார்தான். அவர்களின் பையைத் தூக்கிய கெடிகளில் எங்கள் லயத்து ஆட்களும் இருந்தார்கள்.

பெரியப்பாவுக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை. கணக்கு மரங்களை மதியத்துக்குள் வெட்டிப் பேரைப் போட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். பந்து பொறுக்குவது என் வேலை. பையைச் சுமக்கும் வயசு வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் வயசு வந்திருந்தது.

துரை மட்டையை ஓங்கும்போது பெரியப்பா பந்தைப் பார்க்க மாட்டார். "பந்து எங்கடா போவப்போவுது, அது அடி வாங்குற வரைக்கும் அங்கதான் கெடக்கும். கையப் பாரு" என்பார். கை இடுப்பளவுக்கு இறங்கும்போதே மெல்லிய குரலில் தீர்ப்பு வந்துவிடும்: "காட்டுக்குள்ள." அடுத்த கணம் மரத்தில் டக்கென்று ஒரு சத்தம். துரை திரும்பிப் பார்ப்பதற்குள் இவர் பந்தைத் தேடிப் பாதி வழி போயிருப்பார்.

அவர் பார்த்தது இடது புறங்கையை. பிடி சரியாக இருந்தால் இடது புறங்கையும் மட்டையின் முகமும் ஒரே திசையைப் பார்க்கும். புறங்கை வானத்தைப் பார்த்தபடி வந்தால் முகம் திறந்திருக்கிறது, பந்து வலப்பக்கம் ஓடும். புறங்கை தரையை நோக்கிக் கவிழ்ந்திருந்தால் முகம் மூடிக்கொண்டது, பந்து இடப்பக்கம். அந்தக் காலத்துப் பாடப் புத்தகங்கள் பலவற்றில் வேறு கதை இருந்தது. மட்டை எந்தப் பாதையில் வருகிறதோ பந்து அந்தத் திசையில் கிளம்பும், முகத்தின் கோணம் பிறகுதான் அதை வளைக்கும் என்றார்கள். டென்மார்க்கில் 2003இல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ராடார் கருவிகள் பரவிய பிறகு அது அடங்கிப்போனது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான் என்று இன்று பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். பெரியப்பா அதைப் புறங்கையிலேயே படித்திருந்தார்.

மைதானத்துப் பழைய சாமான்களிலிருந்து கழித்துப்போட்ட ஒரு மட்டை எங்களிடம் இருந்தது. ஹிக்கரி மரத்தண்டு. பிடியில் சுற்றிய தோல் பிரிந்து தொங்கும், தலையில் துரு. ஸ்கொட்லாந்தின் புனித ஆண்ட்ரூஸ் கழகம் எஃகுத் தண்டை அனுமதித்தது 1929இல். அடுத்த வருடமே அமெரிக்காவின் பொபி ஜோன்ஸ் ஹிக்கரி மட்டைகளாலேயே நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார். எங்கள் கைக்கு வந்தது அந்தக் காலத்தின் மிச்சம். அதில் ஒரு குணம் உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் தண்டு முறுகும், தலை பின்தங்கும், முகம் திறந்தபடியே பந்துக்கு வந்து சேரும். கை பொறுத்தால்தான் தலை திரும்பி வந்து நேராகும். எஃகு அந்தத் தவறை ஓரளவு மன்னித்துவிடும், மரம் மன்னிக்காது. அதனால்தான் பெரியப்பா எனக்கு எஃகு மட்டையைத் தொடவே விடவில்லை.

அவருடைய மணிக்கட்டு கவ்வாத்துக் கத்தியில் பழகியது. வளைந்த கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பில் வாதை அறுக்க வேண்டும். இழுப்பின் நடுவில் மணிக்கட்டு மடிந்தால் வாது பிளந்துவிடும், பட்டை உரியும், கங்காணி கத்துவார். கத்தி கடந்து போகும்வரை மணிக்கட்டு நிற்க வேண்டும். கோல்பிலும் அதே பாடம்தான். பந்தைத் தூக்கிவிடுகிற நினைப்பில் துரைமார் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடக்குவார்கள். மடங்கியதும் மட்டைத்தலை கையை முந்திக்கொண்டு போகும், பந்தின் மண்டையில் தட்டும், பந்து புல்லோடு புல்லாக உருளும். மட்டை பந்தைத் தொடும்போது கை பந்துக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும், மணிக்கட்டு தட்டையாக இருக்க வேண்டும். "நீ தூக்காத. தூக்குறதுக்குத்தான் இரும்பச் சாய்ச்சு வச்சிருக்கான்" என்பார்.

அவர் சொல்லித்தந்தவற்றில் எனக்கு வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது குச்சி விஷயம். மாலையில் ஆட்டம் முடிந்து மைதானம் ஓய்ந்த பிறகு, சைப்ரஸ் குச்சி ஒன்றை ஒடித்துப் புல்லில் நடுவார். பந்து இருக்கும் இடத்தில் நட மாட்டார். நீளமான மட்டையைக் கையில் கொடுத்தால் குச்சி பந்துக்குப் பின்னால் போகும். குட்டை மட்டை என்றால் பந்துக்கு முன்னால் வரும். "பந்த மறந்துரு. கைய அந்தக் குச்சிக்கு அனுப்பு. மட்ட தானா வரும்." ஏன் என்று கேட்டால், "நீளமா இருக்குறது சுத்தி வர நேரமெடுக்கும்டா. கை முன்னாடியே கெளம்பணும்ல" என்பதோடு முடித்துக்கொள்வார்.

பல வருடங்கள் கழித்து, கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அலைவது என் ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பு. அங்கேதான் பென் ஹோகனின் 1957ஆம் ஆண்டுப் பாடப் புத்தகம் அகப்பட்டது. பந்திலிருந்து ஆட்டக்காரரின் தோளுக்கு ஒரு கண்ணாடித் தகடு சாய்ந்திருப்பதாகவும், கழுத்து அதன் ஓட்டையில் நீட்டிக்கொண்டிருப்பதாகவும் ஒரு படம். அந்தத் தகட்டை உடைக்காமல் கை ஏற வேண்டும் என்கிறார் ஹோகன். பந்தைத் தொடும் கணத்தில் இடது மணிக்கட்டின் எலும்பு இலக்கை நோக்கித் துருத்தி நிற்பதையும் வரைந்து காட்டியிருந்தார்கள். பார்த்ததும் பெரியப்பாவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

சியாட்டிலில் ஹோமர் கெல்லி என்றொருவர் 1969இல் கோல்ப் வீச்சை வடிவகணிதமாகவே பிரித்து எழுதியதைப் பிறகு அறிந்தேன். உடம்பு கைக்கு வேலை செய்கிறது, ஆணை கையிலிருந்து போகிறது என்பது அவர் கட்சி. கையைப் பந்துக்கு அனுப்பாதே, ஒரு குறிப்புள்ளிக்கு நேர்கோட்டில் அனுப்பு என்கிறார். மட்டை நீள நீள அந்தப் புள்ளி பின்னுக்கு நகரும். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சைப்ரஸ் குச்சிதான் அது.

பிரிட்டனில் கொக்ரன், ஸ்டொப்ஸ் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நூல், காரணத்தையும் சொல்கிறது. இடது கை ஒரு கோல், மட்டை இன்னொரு கோல், மணிக்கட்டு நடுவிலுள்ள கீல். கை முதலில் வேகமெடுக்கிறது. கீல் விரியும்போது கை தளர்கிறது, அதன் வேகம் மட்டைத்தலைக்குப் போய்ச் சேர்கிறது. கடைசிவரை கையால் விரட்டுகிறவனுக்கு அந்தக் கைமாற்றம் நடப்பதில்லை. மேலிருந்து பந்துவரை இறங்க ஏறத்தாழக் கால் விநாடிதான். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் யாரும் எதையும் திருத்த முடியாது. கைக்குச் சொல்ல வேண்டியதை அது கிளம்புமுன் சொல்லியாக வேண்டும்.

ஹோகனுக்கு எழுதித்தர ஹெர்பர்ட் வாரன் விண்ட் இருந்தார், வரைந்து தர அந்தோனி ரவியெல்லி இருந்தார். பெரியப்பாவுக்குக் கையெழுத்தே பெருவிரல்தான். அவர் பை சுமந்த துரைமாரில் யாராவது ஒருவர், ஆட்டம் கெட்ட ஒரு பின்னேரத்தில், "என் கையில் என்ன பிழை?" என்று அவரிடம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எத்தனை யார் தூரம், காற்று எந்தப் பக்கம், பந்து எங்கே விழுந்தது, இந்த மூன்று கேள்விகள்தான் அவர் காதுக்கு வந்தன.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். பெரியப்பாவின் பெயரும் இன்னொரு பட்டியலில் இருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கென்று எழுதியிருந்தது. நானுஓயாவில் அவரை ஏற்றிவிடப் போனோம். அந்த ரயிலுக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. தலைமன்னார் போய், கடல் தாண்டி, இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்குப் போனார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலை நட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து வந்த கடிதங்களை யாரோ எழுதித்தந்திருப்பார்கள். ஒன்றில், எல்லாம் இளங்கன்று, கவ்வாத்துக்கு இன்னும் வருடமிருக்கிறது, அதுவரை குழிவெட்டுத்தான் என்றிருந்தது. அங்கிருந்து எட்டுகிற தூரத்தில் ஊட்டியிலும் கோல்ப் மைதானம் உண்டு. அவர் அந்தப் பக்கம் போனாரா என்று கேட்டு எழுத எனக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்டால் சொல்ல ஆளில்லை.

இன்று ராடார் பெட்டி எல்லாவற்றையும் அளந்துவிடுகிறது, பந்து போன பிறகு. பெரியப்பா போகுமுன்பே சொன்னார். கழகத்துப் பலகைகளில் வென்றவர்களின் பெயர் பொறிப்பார்கள், பை சுமந்தவர்களின் கணக்கு எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: நீள மட்டைக்குக் குச்சி பின்னால், குட்டை மட்டைக்கு முன்னால், கையை அங்கே அனுப்பு. சொன்னவர் ஒரு கவ்வாத்துக்காரர்.