வாப்பாமார் பெயரில் வந்த சான்றிதழ்கள்



பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு சான்றிதழ்களை ஏன் திரும்ப அச்சடித்தோம் என்று பலர் கேட்டீர்கள். பிழை எங்களுடையதுதான்.

பெயர்ப் பட்டியலை வாசித்துச் சான்றிதழ் போட, எல்ம் மொழியில் சின்ன புரோகிராம் ஒன்று எழுதியிருந்தோம். 2012இல் எவன் சாப்லிக்கி வெளியிட்ட மொழி அது. பிழை விட்டால் கொம்பைலர் பிடித்துவிடும் என்று பேர் எடுத்தது. நாங்களும் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டோம்.

வாப்பாவின் பெயர், பிள்ளையின் பெயர், தரம் என்ற மூன்றையும் ஒரு ரெக்கோர்டாக்கி, அதற்கு 'மாணவர்' என்று ஒரு டைப் அலியஸ் வைத்தோம். அலியஸ் என்பது செல்லப் பெயர் மாதிரி, புதிய டைப் எதுவும் பிறக்காது. ஆனால் ரெக்கோர்டுக்கு வைத்தால் மட்டும் அதே பெயரில் ஒரு கன்ஸ்ட்ரக்டரும் சும்மா கிடைக்கும். (வெறும் எண்ணுக்கு 'புள்ளி' என்று அலியஸ் வைத்தால் அது கிடைக்காது.) அந்தக் கன்ஸ்ட்ரக்டர் பெயர் பார்த்துப் பெறுமதியை வாங்காது. அலியஸில் எழுதிய வரிசைப்படிதான் வாங்கும்.

வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று அன்று பின்னேரம் எங்களில் ஒருவர் பிள்ளையின் பெயரை மேல் வரிக்குக் கொண்டுபோனார். கன்ஸ்ட்ரக்டரின் வரிசையும் கூடவே மாறிவிட்டது. பட்டியலை வாசிக்கும் இடமோ பழைய வரிசையிலேயே நின்றது. இரண்டு பெயரும் ஸ்ட்ரிங். கொம்பைலர் வாயே திறக்கவில்லை. எண்ணாக இருந்த தரத்தை இடம் மாற்றியிருந்தால் கத்தியிருக்கும்.

நம் ஊரில் இஸ்மாயில் றிஸ்வான் என்றால் இஸ்மாயிலின் மகன் றிஸ்வான். புரட்டிப் போட்டால் மகன் வாப்பாவுக்கே வாப்பாவாகிவிடுவான். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அலுவலக நானாதான் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "சேர், இது அந்தப் புள்ளட வாப்பாட பேரல்லவா? அவர் போன வருசம் மௌத்தாகிட்டாரே?"

அந்தப் பெயரை மறுநாள் மேடையில் கூப்பிட்டிருப்போம். பிள்ளையின் உம்மா முன்வரிசையில் இருந்தார்.

அன்றிரவு கன்ஸ்ட்ரக்டரை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெறுமதியும் எந்தப் புலத்துக்கு என்று பெயர் சொல்லியே எழுதினோம். பிறகு வாப்பா பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் அலியஸ் இல்லாமல் தனித்தனி டைப் உருவாக்கினோம், ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கன்ஸ்ட்ரக்டரோடு. சோதித்துப் பார்க்க இரண்டு பெயரையும் புலம் மாற்றிப் போட்டோம். இந்த முறை கொம்பைலர் விடவில்லை.

கடதாசிக் காசு எங்கள் கையால்தான் போனது.