உடனே கேட்கும் மருந்து

திராட்சைக்கு மருந்தடிப்பதில் நான் கறார்ப் பேர்வழி. ஓடைப்பட்டியில் விதையில்லா திராட்சை போட்டவன் வேறு மாதிரி இருக்கவும் முடியாது. போர்டோ கலவையில் சுண்ணாம்பு குறைந்தால் இலை கருகும். காய் பருப்பதற்காகக் கொத்தை முக்கியெடுக்கும் ஜிப்ரலிக் அமிலத்தை பிபிஎம் கணக்கில் அளந்துதான் கரைப்பேன். கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன். இந்தக் கறாரெல்லாம் கொடியோடு சரி. என் மூக்குக்கும் கண்ணுக்கும் நான் எந்தக் கணக்கும் வைக்கவில்லை. அதில் நான் கெட்டது என் பாடு. ஒரு பிள்ளையின் கண்ணையும் கெடுக்கப் பார்த்தேன், அதை மறைக்கவும் செய்தேன்.

வைகாசி கழிந்தால் மேற்கு மலையைத் தாண்டி இறங்குகிற காற்று ஆவணி வரை ஓயாது. மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு எங்களுக்குப் புழுதியை மட்டும் கொண்டுவரும். வரப்போரமெல்லாம் பார்த்தீனியம் பூத்துக் கிடக்கும். காலையில் எழுந்தால் தொடர் தும்மல், கண்ணில் அரிப்பு, ராத்திரி மூக்கடைப்பு. சின்னமனூரில் ஒரு மருத்துவரிடம் போனேன். ஹிஸ்டமினைத் தடுக்கும் அசலாஸ்டினும் ஸ்டீராய்டான ஃப்ளூட்டிகசோனும் கலந்த மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம் என்றார். குனிந்த தலையோடு, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனியை நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்கச் சொல்லி, செய்தும் காட்டினார். நான் தலையை அண்ணாந்து அடித்துக்கொண்டு, தொண்டையில் கசப்பு இறங்குகிறதென்று சில நாளிலேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் மருந்துக் கடையில் வேறொரு குப்பி கிடைத்தது. சைலோமெட்டாசோலின். இரண்டு சொட்டு விட்டால் சில நிமிடத்தில் மூக்கு திறந்துகொண்டது. இதுவல்லவா மருந்து என்று நினைத்தேன். அது மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். ஒவ்வாமையை அது தொடுவதே இல்லை. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த அடைப்புக்கு மறுபடி அதே சொட்டு. அட்டையில் எச்சரிக்கை அச்சடித்திருந்தது, நானும் படித்தேன். படித்துவிட்டு வேட்டி மடியில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். “என்னங்க எந்நேரமும் மூக்குல?” என்று மனைவி கேட்டதற்கு, “உப்புத்தண்ணிதான்” என்று பொய் சொன்னேன்.

கண்ணிலும் இதே கதை. அரிப்புக்கு ஓலோபட்டடின் நல்ல சொட்டு. ஹிஸ்டமினையும் தடுக்கும், அதைக் கக்கும் செல்களையும் அடக்கும். ஆனால் ஒருமுறை கண் மிகவும் சிவந்தபோது ஒரு வாரத்துக்கு மட்டும் என்று ஸ்டீராய்டு சொட்டு எழுதியிருந்தார்கள். அதை விட்டதும் கண் பளிச்சென்று வெளுத்தது. அந்தப் பழைய சீட்டைக் காட்டியே காற்றுக் காலம் முழுக்க வாங்கினேன். உடனே கேட்பது எதுவோ அதுவே நல்ல மருந்து என்பது என் சித்தாந்தம்.

அதைப் பிறருக்கும் விநியோகித்தேன். என் தோட்டத்தில் காய் கழிக்க வரும் ஒரு பெண்ணின் மகனுக்குக் காற்றுக் காலம் வந்தால் கண்ணைக் கசக்குவதே வேலை. பந்தலுக்கடியில் உட்காரவைத்து என் ஸ்டீராய்டு குப்பியிலிருந்து நானே விட்டேன். மறுநாள், “அண்ணே, நீங்க குடுத்த மருந்து நல்லா கேக்குது” என்றாள். ஒருவர் கண்ணில் விட்ட குப்பியை இன்னொருவர் கண்ணில் விடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாராட்டு அதை மறக்கடித்தது. பிறகு புதுக் குப்பியாகவே வாங்கிக் கொடுத்தேன், காசு வாங்காமல். தர்மம் செய்கிறேன் என்ற நினைப்பு.

பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் பையனை மதுரைக் கண் மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார்கள். என் காரில்தான் போனோம். கண் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. வெயிலும் புழுதியும் உள்ள ஊர்களில் சிறுவர்களுக்கு, அதிலும் பையன்களுக்கு, வருகிற கண் ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளரத் தானே அடங்கிவிடும். அதற்குள் மேற்பார்வையின்றி விடும் ஸ்டீராய்டு சொட்டு அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைத் தின்றுவிடலாம், புரையும் வரலாம், வலி இருக்காது என்று மருத்துவர் விளக்கினார். பிறகு கேட்டார்: “இந்த மருந்தை யார் குடுத்தது?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “கடையில வாங்குனேன் சார்” என்றாள். மருத்துவர் அவளைத் திட்டினார். படித்தவர்கள் செய்கிற வேலையா இது, பெற்ற தாய் செய்கிற வேலையா என்றெல்லாம் கேட்டார். பக்கத்து நாற்காலியில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் கூலி வாங்குகிறவள், என் பேரைச் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரிந்திருந்தது. அதன் நிழலில்தான் ஒதுங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது, “நல்லதுக்குத்தானே குடுத்தீங்க, விடுங்கண்ணே” என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஸ்டீராய்டை நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் சொட்டு விட்டதில் பையனின் கண் தேறிவிட்டது. இப்போது அவனுக்கு ஓலோபட்டடின், கண்மேல் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, கசக்கக் கூடாது என்ற கட்டளை. என் மூக்கு அந்தக் குப்பியை மறக்கப் பல ராத்திரி வாயால் மூச்சு விட்டேன். கைவிட்ட பழைய ஸ்பிரேயைக் குனிந்த தலையோடு தினமும் அடிக்கிறேன். மெதுவாகத்தான் கேட்டது, ஆனால் கேட்டது. வீட்டிலிருந்த பாதி தீர்ந்த குப்பிகளைக் கொட்டிவிட்டேன். கண் சொட்டு எதுவானாலும் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

மனைவியிடம் சொல்லியாயிற்று. மதுரையில் இன்னும் சொல்லவில்லை. அங்கே பையனின் கோப்பில், தாய் கடையில் தானாக வாங்கிய மருந்து என்றுதான் இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு நானும் போகிறேன். அதைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் வாங்கிய திட்டு என்னுடையது. அவள் முன்னாலேயே அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.