தொங்கும் தூண்

பாஸ்டனுக்குத் தெற்கே ஹிங்ஹாம் என்ற ஊரில் 1681-இல் கட்டிய தேவாலயம் ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஓல்ட் ஷிப் சர்ச் என்று பெயர். உள்ளே போனதும் யாரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். சுமார் 45 அடி அகலத்தை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், ஓக் மரச் சட்டங்கள் தாண்டி நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் அடியில் ஓர் உட்கூரை அடித்து அவற்றை மூடிவிட்டார்கள். 1930-இல் புதுப்பித்தபோதுதான் மறுபடி வெளிச்சம் பட்டது. நியூ இங்கிலாந்தின் மற்ற பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவற்றின் சட்டங்கள் இன்னும் பூச்சுக்கு மேலே இருட்டில்தான் இருக்கின்றன. பழுதுபார்ப்பவர்களோடு ஏணி ஏறினால்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

வெர்மான்ட் மாநிலத்தில், 1790களில் எழும்பிய ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் எனக்கு அது வாய்த்தது. மணிக்கோபுரம் பின்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. பழைய மரக்கூரைகளைச் செப்பனிடுவதே தொழிலாகக் கொண்ட தச்சர்கள் வந்திருந்தார்கள். தலைமைத் தச்சருக்கு அறுபது வயதிருக்கும். "உத்தரத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள், நடுவில் இருப்பது வெறும் சுண்ணாம்புப் பூச்சு" என்று சொல்லி, நெற்றிவிளக்கு ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

மேலே முதலில் கண்ணில் பட்டது கிங் போஸ்ட் என்கிற நடுமரம். கூரையைத் தாங்கும் தூண் என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் அது தொங்குகிறது. இருபக்கமும் சாய்ந்து ஏறும் பெரிய சாய்மரங்கள் அதன் தலையில் வந்து முட்டுகின்றன. கூரைப் பளு அந்தச் சாய்மரங்களின் அடியை வெளியே தள்ளும். சுவர் கவிழாதபடி அவற்றை இழுத்துப் பிடிப்பது உத்தரம். அந்த நீளமான உத்தரமோ தன் எடையாலும், அடியில் மாட்டிய உட்கூரையின் எடையாலும் நடுவில் தொய்யப் பார்க்கும். அதை மேலிருந்து தூக்கிப் பிடிப்பதுதான் கிங் போஸ்ட்டின் வேலை. ஊஞ்சல் பலகைக்குச் சங்கிலி எப்படியோ, உத்தரத்துக்கு அது அப்படி. வழியை மறைக்கிறதென்று அதன் அடியை அறுத்துவிட்ட இடங்களையும் பார்த்திருப்பதாகத் தலைமைத் தச்சர் வருத்தத்தோடு சொன்னார்.

மரத்தை அழுத்தினால் தாங்கும். இணைப்பைப் பிடித்து இழுத்தால்தான் சிக்கல்; முளையைச் சுற்றியுள்ள மரம் நார்வாக்கில் பிய்ந்துவிடும். அதற்கு அந்தக் காலத்துத் தச்சர்கள் கண்ட வழியைத் தொட்டுப் பார்த்தேன். கிங் போஸ்ட்டின் தலையை அகலமாக விட்டுவிட்டு, கீழே செதுக்கி ஒல்லியாக்கியிருக்கிறார்கள். சாய்மரங்கள் இரண்டும் அந்த அகன்ற தலையை இடுக்கிக்கொள்வதால் மரம் கீழே நழுவ வழியில்லை. அடியில் நுனி விரிந்த நாக்கு. அதை உத்தரத்தின் துளைக்குள் செலுத்தி, பக்கத்தில் ஓர் ஆப்பை அறைந்திருக்கிறார்கள். ஆப்பு இருக்கும்வரை நாக்கு உருவி வராது. இதற்காக ஒரு பெரிய மரத்தில் நல்ல பங்கைச் சிராய்களாகவே உதிர்த்திருப்பார்கள். விசை எந்தப் பக்கம் ஓடும் என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு என்னை அசத்தியது.

சாய்மரங்களின் அடியில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருந்தன. நான்கு என்பது நாலு கோடு. மரத்தின் மேல் மரத்தைக் கிடத்தி, தூக்குக்குண்டு பிடித்துக் குறித்து, அந்தந்த ஜோடிக்கென்றே இணைப்பை வெட்டிய காலம் அது. ஒன்றுக்குரியது இன்னொன்றில் பொருந்தாது என்பதால் எண் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு முறை பரவியது. கோணலான மரத்துக்குள் அளவான ஒரு மரம் இருப்பதாக மனத்தில் வைத்து, இணைப்பு வரும் இடத்தை மட்டும் அந்த அளவுக்குக் குறைத்தார்கள். ஒரே வகை மரங்களை மாற்றிப் போட முடிந்தது. எண்ணுக்கும் தேவை குறைந்தது. கட்டடத்தின் வயதை ஊகிக்கச் செப்பனிடும் தச்சர்கள் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான்.

கீழே முற்றத்தில், தொழில் பழகும் இளம்பெண் ஒருவர் முளை செதுக்கிக்கொண்டிருந்தார். ஓக் கட்டையை அறுப்பதில்லை, பிளக்கிறார். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அடிக்கும்போது முறியும். நாக்கில் முளைக்கான துளையை, மற்ற மரத்தின் துளைக்கு நேராக இல்லாமல், ஒரு நூல் உள்வாங்கிப் போடுவார்களாம். முளை இறங்கும்போது லேசாக வளைந்து இரண்டு மரங்களையும் நெருக்கிச் சேர்த்துவிடும். ஒரு முளையை என் கையில் வைத்தார். நன்றாகக் காய்ந்தது, எட்டுப் பட்டை, நுனி மட்டும் கூர்.

கோபுரத்தின் பின்கால்களுக்கு அடியில் சுவர் இல்லை. அவற்றின் பாரம் கூரைச் சட்டத்தின் மேல்தான் விழுகிறது. கோபுரமும் கூரையும் சேரும் இடத்தில் பல காலம் நீர் இறங்கி, உத்தரத்தின் ஒரு முனை உளுத்திருந்தது. தச்சர் உளியை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. முழு உத்தரத்தையும் எடுத்துவிட்டு இரும்பு போடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாம். அவர் கெட்ட நான்கடியை மட்டும் அறுத்துவிட்டு, புது மரத்தைச் சாய்வாக வெட்டிப் பூட்டி, நடுவில் எதிரெதிராக ஆப்பு இறுக்குகிறார். இழுவிசையில் நிற்கும் ஒட்டு முழு மரத்தின் வலுவுக்கு வராது என்பதால் போல்ட்டும் போடுகிறார். மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அவர் கவலையெல்லாம் பழைய மரம் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான்.

பாரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஜாக்கை ஒரு நாளைக்கு ஒரு நூல், இரண்டு நூல் என்றுதான் ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும், பழைய முளைகள் முறியும். பனிக்காலத்துக்குள் கோபுரத்தின் பாரத்தை மறுபடி உத்தரத்தின் மேல் இறக்கியாக வேண்டும். கூரையில் பனி ஏறிய பிறகு ஜாக் வைக்க முடியாது என்றார் தலைமைத் தச்சர்.